தனியா வந்த அக்கா



எங்கள் அம்மா மேட்டுப்பாளையம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார் என்பது உங்களில் நிறைய பேருக்குத் தெரியும். லீவு நாளில் நானும் விடியக்காலம் 4 மணிக்கு எழுந்து கூடப் போவேன். ஊட்டி மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்பும். ரிசர்வேஷன் கிடைக்காதவர்கள் இருட்டோடவே வந்து வரிசையில் நிற்பார்கள். எங்கள் முதல் போணி அவர்கள்தான்.

காலாண்டு லீவில் ஒருநாள் அந்த வரிசையில் ஒரு வெளிநாட்டு அக்கா நின்றார். முதுகில் ஒரு பை. கூட யாருமே இல்லை. வண்டிக்கு வந்ததும் அம்மா, "இன்னொரு இட்லி வெக்கட்டுங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். அவரும் தலையைத் தலையை ஆட்டினார். ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லாமல் அம்மா ஐந்து இட்லி சாப்பிட வைத்துவிட்டார். ஒன்பதாவது படிக்கிற நான் "யுவர் கன்ட்ரி?" என்று கேட்பதற்குள் கை நடுங்கி சட்னியைக் கீழே ஊற்றிவிட்டேன்.

அவர் ஊர் சுவிட்சர்லாந்து. மலை ரயிலைக் கை காட்டி, "இது எங்க நாட்டு ஆள் கண்டுபிடிச்சது" என்று சொன்னார். நான் நம்பவில்லை. லீவு முடிந்து வந்து நம் அறிவியல் சாரிடம் கேட்டேன். உண்மைதானாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். இன்ஜினில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். இந்த முறையை உண்டாக்கியவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். பழைய நீராவி இன்ஜின்களும் அந்த நாட்டில் செய்ததுதான். பிறகு நம் திருச்சி பொன்மலையிலும் செய்திருக்கிறார்கள். 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் ரயில் போனது. 46 கிலோமீட்டரில் 16 குகை, 250 பாலம். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவு பெருமை உள்ள ரயிலை தினமும் பார்க்கிறேன், ஆனால் ஒரு நாளும் ஏறினதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். ஊட்டி பஸ்ஸில் இறங்கி அந்த அக்கா நேராக எங்கள் வண்டிக்கே வந்தார். செருப்பெல்லாம் சேறு, முகத்தில் ஒரே சிரிப்பு. கையைக் காலை ஆட்டி, படம் வரைந்து அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததாம். குகைக்குள் போகும்போதெல்லாம் எல்லோரும் கத்தினார்களாம், அவரும் கத்தினாராம். மத்தியானம் இறங்கி தாவரவியல் பூங்கா பார்த்து, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு வண்டி பிடித்துப் போய், ஒரே மூடுபனியில் ஒன்றுமே தெரியாமல், நடந்தே கீழே இறங்கி, பஸ் பிடித்து வந்திருக்கிறார். எல்லாம் ஒரே நாளில், ஒற்றை ஆளாக!

நான் மெதுவாக "நோ ஃபியர்?" என்று கேட்டேன்.

அவர் உடனே, "பயம் இருக்கு" என்றார். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார. அதில் அன்றைய ரயில் நேரம், பஸ், எங்கே இறங்கணும், ராத்திரி தங்கும் இடம், அவசரத்துக்குப் போன் நம்பர் எல்லாம் இருந்தது. தினமும் ராத்திரி அடுத்த நாளுக்கு எழுதி, அதைப் போட்டோ எடுத்து அவங்க அம்மாவுக்கு அனுப்பிவிடுவாராம். பயம் இருப்பதால்தான் எழுதுகிறாராம்.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், எனக்கு ஒரு பிரச்சினை இருந்தது. 800 மீட்டர் ஓட்டத்தில் நான் ஜெயித்ததைப் பார்த்து, சனிக்கிழமை தோறும் கோவை நேரு ஸ்டேடியத்துக்குப் பயிற்சிக்குப் போ என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை வேலை, சனிக்கிழமை லீவு கிடையாது. அம்மாவுக்கு வண்டி. "பொட்டப்புள்ளைய ஒத்தையில எப்படீங்க அனுப்பறது?" என்று ஆத்தா சொன்னதோடு பேச்சு முடிந்துபோயிருந்தது. நானும் அழுது முடித்திருந்தேன்.

அன்று ராத்திரி நானும் ஒரு நோட்டுத்தாளில் எழுதினேன். ரயில் ஏறும் நேரம், வழியில் காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கோவை வடக்கு, அப்புறம் ஜங்ஷன். அங்கிருந்து ஸ்டேடியம் போகும் வழி, கோச் நம்பர், திரும்பி வரும் ரயில், அதை விட்டால் எந்த பஸ். அப்பா அதை இரண்டு தரம் படித்தார். "மொத வாரம் நான் அரை நாள் சம்பளம் போனாலும் கூட வர்றேன் கண்ணு. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

போன சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். கோவை ஜங்ஷனில் கூட்டத்தோடு நடந்து, முன்பக்கம் போவதற்குப் பதிலாக கூட்ஸ் ஷெட் ரோட்டுப் பக்கம் வெளியே வந்துவிட்டேன். அப்பாவோடு பார்த்த ரோடு எதுவுமே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. தாளை எடுத்துப் படித்தேன். அதில் இந்த வாசல் பற்றி நான் எழுதவே இல்லை! பூ விற்ற ஒரு அம்மாவிடம் கேட்டேன். "திரும்பி உள்ள போயி அந்தப் பக்கம் எறங்கு சாமி" என்று சொன்னார். பயிற்சிக்குப் பத்து நிமிஷம் லேட். கோச் இரண்டு ரவுண்டு கூடுதலாக ஓட விட்டார்.

சாயங்காலம் அப்பா மண்டியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கே வந்து நின்றிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த வாசலையும் தாள்ல எழுதி வெய்யி" என்று மட்டும் சொன்னார்.

எழுதி வைத்துவிட்டேன். நாளை மறுபடியும் சனிக்கிழமை.

தோழிகளே, உங்களுக்கும் எங்காவது போகணும் என்று ஆசை இருந்தால், "எனக்குப் பயமே இல்லை" என்று வீட்டில் சொல்லாதீர்கள். யாரும் நம்ப மாட்டார்கள். முதலில் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்.



— 9-ஆம் வகுப்பு மாணவி