புளியில் துலக்கிய காசு

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வாழ்ந்த நம் பாட்டனார், பழைய செப்புக் காசு ஒன்றைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். ஒருபுறம் யானை; மறுபுறம் பாரசீக எழுத்து. திப்பு சுல்தான் காலத்துக் காசு அது. 1792 ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் கைக்குச் செல்லும்வரை இப்பகுதி அவர் ஆட்சியில் இருந்ததன்றோ!

பாட்டனாருக்குப் பின், கல்லூரித் தேர்வுக் கட்டணம் செலுத்த வழியின்றி அதனை விற்கத் துணிந்தோம். பொலிவிருந்தால் விலை கூடும் என்றெண்ணி, அண்டா துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தோம். காசு தணலென மின்னிற்று. நம் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஓசூரில் நாணயம் சேர்க்கும் பெரியவர் ஒருவர் அதனை நிறுத்தார். ஏறத்தாழ 11 கிராம். உருப்பெருக்கி கொண்டு விளிம்பைச் சுற்றி நோக்கினார். அச்சடித்த காசில் இல்லாத ஒட்டுக்கோடு, வார்த்தெடுத்த போலியின் விளிம்பில் தெரியும். பரப்பில் நுண்குழிகளும் காணும் என்றார். பின்னர் ஆண்டைப் படித்தார். திப்பு புகுத்திய மவ்லூதி ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக அமைந்தவை. 1218 என்பது நம் கண்ணுக்கு 8121 எனத் தோன்றும். அறியாதார் மெய்க்காசையே போலி என்று தள்ளிவிடுவர்.

"காசு மெய்தான், தம்பி. தரம் போய்விட்டது. இருநூறு ஆண்டு படிந்த பழுப்பை ஒரு நாழிகையில் கழுவிவிட்டாயே!" என்று வருந்தினார். அருகே தம்மிடமிருந்த வேறொரு காசை வைத்தார். யானையின் தந்தம்வரை தெளிவாய் இருந்தது. அதுவோ வார்ப்புப் போலி! அவர் நம் காசுக்குச் சொன்ன விலை கட்டணத்துக்குக் காணாது. அம்மாவின் காதணி அடகுக்குச் சென்றது.

மெய்மை வேறு, தரம் வேறு என்பதை அமெரிக்கரும் பட்டே அறிந்தனர். 1909 முதல் 1911 வரை அங்கே சிகரெட்டுப் பெட்டிகளில் வைத்து வழங்கிய பேஸ்பால் வீரர் அட்டைகளுள் ஹோனஸ் வாக்னர் அட்டை மிக அரியது. அவற்றுள் ஒன்று 1991 இல் 4,51,000 டாலருக்கு ஏலம் போயிற்று. தரம் பார்க்கும் நிறுவனம் பத்துக்கு எட்டு வழங்கிற்று. அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தாமே என்று பில் மாஸ்ட்ரோ என்னும் ஏலக்காரர் 2013 இல் ஒப்புக்கொண்டார். அட்டை மெய், எட்டுதான் பொய். அவர் வெட்டிச் செய்ததை நாம் புளியால் செய்தோம். அவருக்காவது பணம் கிடைத்தது!

காசு இன்றும் நம்மிடமே உள்ளது. புளி எட்டாத யானைக் காதின் மடிப்பில் மட்டும் பழைய பழுப்பு சிறிது எஞ்சியிருக்கிறது.