எட்டாத கைக்கு ஒரு சுழல் தட்டு

நல்லூரின் பனியன் தொழிலாளர் இல்லங்கள் பலவற்றில் மேசை என்பது ஒன்றே ஒன்றுதான். காலையில் அது சாப்பாட்டு மேசை. இரவில் பிள்ளைகளின் படிப்பு மேசை. இடைப்பட்ட நேரமெல்லாம், கம்பெனியிலிருந்து வந்த துணிகளில் பிசிறு வெட்டும் தாய்க்கு அதுவே பட்டறை. கத்தரிக்கோலும் கணக்குப் புத்தகமும் மருந்துச் சீட்டும் செபமாலையும் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். வேண்டியது மட்டும் வேண்டிய நேரத்தில் அகப்படாது. சிறு தொல்லைதானே என்று தோன்றும். ஆனால் எழுந்து நடக்க இயலாத ஒருவர் அவ்வீட்டில் இருப்பாராயின், அது சிறு தொல்லை அன்று.

எங்கள் பங்கில் ஒரு குடும்பத் தலைவர் பக்கவாதத்தால் வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தவர். பகலெல்லாம் மேசையருகே நாற்காலியில் அமர்ந்திருப்பார். தண்ணீரும் மாத்திரையும் மேசையின் மறுகோடியில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மனைவியை அழைக்க வேண்டும். அந்த அம்மாவோ எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவர். எழுந்து நடந்தால் கூலி குறையும். நாளடைவில் அம்மனிதர் அழைப்பதையே நிறுத்திவிட்டார். தாகத்தை அடக்கிக்கொண்டார்; நண்பகல் மாத்திரையையும் சில நாள்கள் விட்டுவிட்டார். நற்கருணை வழங்கச் சென்றபோது காரணம் கேட்டேன். "அவ வேலை கெட்டுப்போகுதுங்க சாமி" என்றார்.

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்த மனிதனைக் காண்கிறோம். தண்ணீர் கலங்கும்போது அவனை இறக்கிவிட ஆள் இல்லை. கால் உள்ளவன் முந்திக்கொள்கிறான். குளம் அருகில்தான் இருந்தது, அவனுக்கு எட்டவில்லை. அவனால் செல்ல முடியாத இடத்துக்கு ஆண்டவரே வந்தார். நம்மால் புதுமை செய்ய இயலாது. ஆனால் ஒரு தண்ணீர்க் குவளையை நோயாளியின் கைக்கு அருகே வரச் செய்ய நம்மால் இயலும் அன்றோ?

மறைக்கல்வி முடிந்த ஒரு சனிக்கிழமை, பீடச் சிறுவர் சிலருடன் அமர்ந்து சுழல் தட்டு ஒன்று செய்தேன். செய்முறை எளிது. விளிம்புள்ள வட்டமான எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றும், அதனுள் அமையும் சற்றே சிறிய தட்டு ஒன்றும் தேவை. இரண்டின் அடியும் தட்டையாக இருத்தல் வேண்டும். தாம்பாளத்தில் ஒரே அளவான கோலிக்குண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புக. அவை உருள்வதற்குச் சிறிது இடம் விடுக; நெருக்கி அடைத்தால் உருளா. அவற்றின்மேல் சிறிய தட்டை வைக்கவும். இரு தட்டுகளின் விளிம்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு குண்டு வெளியேற முடியாதபடி குறுகலாக இருக்கட்டும். விரலால் தள்ளினால் மேல்தட்டு வழுக்கிக்கொண்டு சுழலும். பளுவை இழுப்பதற்கு வேண்டிய வலிமையைவிட உருட்டுவதற்கு வேண்டிய வலிமை மிகக் குறைவு. சைக்கிள் சக்கரத்தின் அச்சில் உள்ள குண்டுகளும் இவ்வேலையையே செய்கின்றன.

மேல்தட்டில் பனியன் வேஸ்ட் துணியை விரித்தால் பொருள்கள் நழுவா. நடுவே, நூல் தீர்ந்த காகிதக் கோன் ஒன்றை அகன்ற பக்கம் கீழாக நிறுத்தவும். அதைச் சுற்றிக் காலி டப்பாக்களை நெருக்கி வைத்து, பனியன் துணியை நீள நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டவும். இழுத்தவுடன் அந்நாடா தானே சுருண்டு கயிறு போலாகி இறுகப் பற்றிக்கொள்ளும். பளுவானவற்றை நடுவிலும், எதிரெதிரே எடை ஒத்திருக்குமாறும் வைத்தல் நலம். கத்தரிக்கோலின் முனை கீழ்நோக்கி இருக்கட்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மருந்துகளை இதில் வைக்க வேண்டாம். எரியும் மெழுகுவர்த்தியை எவ்வீட்டிலும் வைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் தட்டுகளே போதுமாகையால், கோலிக்குண்டுகளுக்கு மட்டுமே காசு செலவு.

இத்தகைய சுழல் சாதனம் புதியதன்று. 1313-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வேளாண்மை நூலில், சீன நாட்டு வாங் சென் என்பார், மர அச்செழுத்துகளை இரு சுழல் மேசைகளில் அடுக்கி, அச்சுக் கோப்பவர் அமர்ந்த இடத்திலிருந்தே எடுக்கும் முறையை விவரித்துள்ளார். அடைபட்ட கன்னியர் மடங்களின் சுவரில் பொருத்தப்பட்ட சுழல் பெட்டி வழியாகவே வெளியார் தரும் பொருள்கள் உள்ளே சென்றன. ஆங்கிலம் பேசுவோர் உணவு மேசையின் சுழல் தட்டைச் 'சோம்பேறிச் சூசன்' என்று கேலியாக அழைப்பர். அவ்வீட்டில் அதனைக் கண்ட எவரும் அப்பெயரை ஒப்பமாட்டார்.

நம் ஊர் நிட்டிங் எந்திரத்தைப் பாருங்கள். வட்டமாக நிற்கும் ஊசிகள் சுழன்று வருகையில், ஒவ்வோர் ஊசிக்கும் முறைப்படி நூல் கிடைக்கிறது. ஓர் ஊசி பழுதாகி நூலைப் பற்றத் தவறினாலும், துணியின் நீளம் முழுவதும் ஒரு கோடு விழுந்துவிடும். குடும்பமும் அத்தகையதே. ஒருவருக்குக் கிட்டாமற் போகும் குறை மற்றவர் வாழ்விலும் கோடாக ஓடும்.

அந்த நோயாளி இன்று தம் இடக்கை விரலால் தட்டைச் சுழற்றித் தண்ணீரையும் மாத்திரையையும் தாமே எடுத்துக்கொள்கிறார். அதனினும் மேலாக, மனைவி கத்தரியைத் தேடும்போது அதனை அவர் பக்கம் திருப்பி அனுப்புகிறார். பிறரை எதிர்பார்த்தே இருந்தவர், பிறருக்கு உதவுபவராகவும் ஆகிவிட்டார். அவர் முகத்தில் தெரியும் தெளிவுக்கு அதுவே காரணம் என நான் நம்புகிறேன்.

1955-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளை உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நாசரேத்தின் அத்தச்சர் எத்தகைய பொருள்களைச் செய்தார் என்று நற்செய்தி கூறவில்லை. ஏழைகளின் அன்றாடப் புழக்கத்துக்கு உதவியவையாக அவை இருந்திருக்கும் என எண்ணுதல் தவறாகாது. அன்பான பெற்றோரே, வருகின்ற ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளுடன் அமர்ந்து இத்தட்டைச் செய்யுங்கள். செய்யத் தொடங்குமுன், உங்கள் வீட்டில் யாருடைய கை எட்டவில்லை என்று பாருங்கள். முதலில் அவர் முன் அதனை வையுங்கள்.