சோதனைக் குழாயில் ரம்பப் பிளேடு



போன வாரம் என் பட்டறைப் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். மேசையில் சோதனைக் குழாய்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "சார், ரிட்டயர் ஆகியும் லேப் விடவில்லையா?" என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு மாணவி, "சார், பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து வந்துவிட்டீர்களா?" என்று சிரிப்புப் பொம்மையோடு கேட்டிருந்தார். இல்லை அம்மா, சேலத்தில் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் காசு கொடுத்து வாங்கியவை. தலைமையாசிரியர்கள் யாரும் பதற வேண்டாம்.

குழாய்களுக்குள் இருப்பது ரசாயனம் இல்லை, ரம்பப் பிளேடு. எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியாததால் விவரமாகவே இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடை விடக் குறைவு.

ஸ்க்ரோல் சா என்று ஒரு மிஷின். தையல் மிஷினில் ஊசி ஏறி இறங்குவது போல இதில் ஒரு மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும். பலகையை நாம் திருப்பத் திருப்ப, வளைவு வளைவாக அறுத்துக் கொடுக்கும். பிளேடின் நீளம் 5 அங்குலம், ஏறக்குறைய 13 செ.மீ. அகலத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 2ஆம் எண் பிளேடு சுமாராக முக்கால் மில்லிமீட்டர், 5ஆம் எண் ஒரு மில்லிமீட்டர், 9ஆம் எண் ஒன்றேகால் மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். டஜன் டஜனாக மெல்லிய கம்பியால் கட்டித் தருவார்கள். கட்டைப் பிரித்துவிட்டால் போச்சு. ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். 2 எது, 5 எது என்று இளைஞர்களாலேயே சட்டென்று சொல்ல முடியாது.

என்னால் நிச்சயமாக முடியாது. எனக்குக் கண் அழுத்த நோய் இருக்கிறது. இரண்டு வருடமாகச் சொட்டு மருந்து போட்டு வருகிறேன். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு மிஷினில் வேலை செய்யத் தடையில்லை. நல்ல வெளிச்சத்தில், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, காலையில் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான்.

இந்த ஒன்றரை மணி நேரத்தில் கால் மணி நேரம் பிளேடு தேடப் போனால் எப்படி? என் கணக்கு அங்கேதான் தொடங்கியது.

என்ன வேலை என்று சொல்ல வேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு தொடக்கப் பள்ளியில் என் பழைய மாணவர் ஒருவர் ஆசிரியராக இருக்கிறார். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. இன்றும் அங்கே பல வீடுகளில் பள்ளிக்கூடம் போகிற முதல் ஆள், ஒன்றாம் வகுப்பில் இருக்கும் அந்தக் குழந்தைதான். "சார், பிள்ளைங்க விரலால தடவிப் பார்க்கிற மாதிரி மரத்துல எழுத்து வேணும். அட்டை ஒரு மழைக்குத் தாங்கல" என்று கேட்டார். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 எழுத்து. 6 மி.மீ. ப்ளைவுட்டில் அறுத்து, இன்னொரு பலகையில் ஒட்டித் தருகிறேன். மெய்யெழுத்தின் புள்ளியைத் தனியாக அறுத்து ஒட்ட வேண்டும். ஆய்தம் என்றால் மூன்று புள்ளி.

அறுத்துப் பார்த்தால்தான் நம் எழுத்தின் குணம் தெரிகிறது. 'ட', 'ப' இரண்டும் சாது. வெளிக்கோட்டில் ஒரு சுற்று வந்தால் முடிந்தது. 'அ', 'க', 'வ', 'ண' அப்படி இல்லை. உள்ளே மூடிய சுழி உண்டு. அதை அறுக்க முதலில் சுழிக்குள் சின்னத் துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளை வழியாக நுழைத்து, மறுபடி மாட்ட வேண்டும். முனையில் குறுக்கு ஊசி வைத்த பிளேடு இதற்கு உதவாது. அது நுழைய 5 மி.மீ. துளையாவது வேண்டும், எழுத்துச் சுழியே அவ்வளவுதான் இருக்கும். முனை தட்டையான பிளேடு என்றால் ஒன்றரை மி.மீ. துளை போதும். சுழிக்கு 2ஆம் எண், வெளிக்கோட்டுக்கு 5ஆம் எண். ஓர் எழுத்துக்கே இரண்டு முறை பிளேடு மாற்ற வேண்டியிருக்கிறது. தடிமனான வாகைப் பலகை வந்தால் 9. அங்கே 2ஆம் எண்ணைப் போட்டால் பிளேடு வழி தவறி வளையும், மரம் கருகும்.

பிளேடை விரலால் தடவி எண் சொல்ல முடியுமா என்று முயன்று பார்த்தேன். கால் மில்லிமீட்டர் வித்தியாசம் என் விரலுக்குப் பிடிபடவில்லை. அப்போது சின்னசேலம் பக்கம் ஒரு மரச்சிற்பி வீட்டில் பார்த்தது நினைவுக்கு வந்தது. நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அந்தச் சிற்பியைச் சுற்றி முப்பது நாற்பது உளிகள் கிடந்தன. 'கிடந்தன' என்பது என் பார்வைக்கு. அவருக்கு அவை வரிசை. வெட்டுமுனை எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும், அகல உளி வலக்கோடி, நகக்கண் அளவு உளி இடக்கோடி. கண் மரத்தை விட்டு நகரவில்லை, கை தானாகப் போய் வேண்டிய உளியை எடுத்து வந்தது. அவர் கை தேடிப் போனது உளியை அல்ல, இடத்தை.

சரி, இடத்தைச் செய்வோம் என்று வாகைக் கட்டையில் ஒரு தாங்கி செய்தேன். கொலுப்படி மாதிரி மூன்று படி, படிக்கு ஐந்து துளை, மொத்தம் 15. கீழ்ப்படியில் சாதாரணப் பிளேடு, அதாவது ஒரு பல் விட்டு ஒரு பல் இருப்பது. மரத்தூள் எளிதாக வெளியேறும், சூடு குறையும். நடுப்படியில் அடிப்பற்கள் சில மட்டும் மேல்நோக்கி இருப்பது. பலகையின் அடிப்பக்கம் சிம்பு பெயராமல் இருக்க இது நல்லது. மேல்படியில் மற்றவை: எல்லாப் பக்கமும் பல் உள்ள முறுக்குப் பிளேடு, ஊசி வைத்தது, உலோகம் அறுப்பது, நகை ஆசாரிகளின் பிளேடு. இந்த நகைப் பிளேடுக்கும் எண் உண்டு, ஆனால் அந்த 2 வேறு, இந்த 2 வேறு. கலந்துவிடக் கூடாது.

இடமிருந்து வலம் போகப் போக அகலம் கூடும். ஒவ்வொரு நிரைக்கும் முன்விளிம்பில் வெட்டுக்குறி, முதல் நிரைக்கு ஒன்று, ஐந்தாவதற்கு ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் "கீழ்ப்படி, இரண்டு குறி, 2ஆம் எண்" என்று விரல் சொல்லிவிடும்.

வேதியியல் படித்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும், இது தனிம வரிசை அட்டவணைதான். வரிசை ஒரு கணக்கு, நிரை ஒரு கணக்கு. மென்டலீவ் 1869இல் அட்டவணை போட்டபோது சில கட்டங்களைக் காலியாக விட்டார். 1875இல் கேலியமும் 1886இல் ஜெர்மானியமும் வந்து அந்த இடங்களில் உட்கார்ந்தன. நானும் நான்கு துளையைக் காலியாகவே வைத்திருக்கிறேன். இல்லாததற்கும் ஓர் இடம் இருந்தால், புதிதாக ஒன்று வரும்போது பழைய வரிசை கலையாது.

அடுத்தது துரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் அரிவாளே சிவந்துபோகும், முக்கால் மில்லிமீட்டர் பிளேடு எம்மாத்திரம்? மூன்று சோதனைக் குழாயில் மூன்று ஆணி போட்டு நாம் செய்த பரிசோதனை நினைவிருக்கிறதா? முதல் குழாயில் நீரும் காற்றும். இரண்டாவதில் கொதிக்க வைத்து ஆறிய நீர், மேலே எண்ணெய்ப் படலம். மூன்றாவதில் நீரற்ற கால்சியம் குளோரைடு. சில நாளில் முதல் ஆணி மட்டும் துருப்பிடிக்கும். நீர், காற்று இரண்டும் சேர்ந்தால்தான் துரு.

இரண்டாவது குழாயின் எண்ணெயையும் மூன்றாவதன் உலர்த்தியையும் சேர்த்துக்கொண்டேன். 15 செ.மீ. சோதனைக் குழாயின் அடியில் ஒரு செ.மீ. அளவுக்கு சிலிக்கா ஜெல் மணிகள், செருப்புப் பெட்டியில் வரும் வெள்ளைப் பொட்டலம்தான். மேலே ஒரு சின்ன அட்டை வட்டு. அதன்மேல் பிளேடு. மீதமுள்ள இடம் ரப்பர் கார்க்குக்குச் சரியாக இருக்கிறது. பிளேடில் தையல் மிஷின் எண்ணெய் பூசித் துடைத்துவிட வேண்டும். முனைகளில் மட்டும் எண்ணெய் கூடாது, மிஷினின் பிடி வழுக்கி பிளேடு கழன்றுவரும். மாட்டும் முன் இரண்டு முனையையும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள்.

இன்னொன்று, எல்லாப் பிளேடும் பல் கீழ்நோக்கி நிற்கும்படி போட வேண்டும். மிஷினிலும் அப்படித்தான் மாட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் பழைய துணியில் லேசாக இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கும், எதிர்த் திசையில் மாட்டும். போடும்போதே பார்த்துப் போட்டுவிட்டால் எடுக்கும்போது யோசிக்க வேண்டியதில்லை.

உடைந்த பிளேடுக்கும் இடம் உண்டு. மூடியில் கீறல் போட்ட ஒரு பழைய தகர டப்பா, எங்கள் வீட்டில் அதற்கு 'உண்டியல்' என்று பெயர். கடின மரத்தில் ஒரு பிளேடு எனக்கு அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை, ஒரு செட் எழுத்துக்கு எட்டு ஒன்பது போய்விடும். உடைந்த துண்டு தரையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, பேத்தி வெறுங்காலோடு ஓடி வருவாள். அதனால் மிஷினை நிறுத்தியதும் முதல் வேலை காந்தத்தைத் தரையில் ஓட்டுவது. கிடைத்த துண்டு நேரே உண்டியலுக்கு.

இனி மலைக்குப் போகிற கதை. என் மாணவர் சனிக்கிழமைகளில் வருகிறார். கச்சிராயபாளையம் வரை இறங்கி, பஸ் மாறி, என் வீட்டுக்கு வர அரை நாள் ஆகிவிடும். வந்து மிஷினில் உட்கார்கிறார். முதல் சனிக்கிழமை நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. "சுழிக்கு 2, வெளியே 5" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளேயிருந்து ஒருமுறைகூட "சார், அது எங்கே இருக்கு?" என்ற குரல் வரவில்லை. மதியம் 'க' ஒன்றை எடுத்து வந்து காட்டினார். சுழி கொஞ்சம் கோணல், ஆனால் 'க'தான். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

அவருக்காக இரண்டாவது தாங்கி ஒன்று செய்து வருகிறேன். அதில் கண்ணாடி கிடையாது, மலைப்பாதைக் குலுக்கலுக்கு ஆகாது. ஒயரிங் வேலைக்குப் போடும் பி.வி.சி. குழாயை 15 செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் மூடி. வெள்ளிமலைப் பக்கம் பனியும் ஈரமும் அதிகம், சிலிக்கா ஜெல்லை இரண்டு மடங்காகப் போடச் சொல்லியிருக்கிறேன். படி, துளை, வெட்டுக்குறி எல்லாம் அச்சு அசலாக இங்கே உள்ளது போலவே. இங்கே பழகிய கை அங்கே தடுமாறக் கூடாது. அங்கே அவரிடம் பழகப்போகிற கையும் அப்படித்தான்.

மிஷினும் ஒரு நாள் அவரோடு மலையேறும். எந்த நாள் என்பதை என் கண் முடிவு செய்யும். அடுத்த பரிசோதனை தை மாதம். 31 எழுத்து முடிந்து, 216 உயிர்மெய் இருக்கிறது. அதை நான் முடிப்பேனா, அவர் முடிப்பாரா என்பது எனக்கு இப்போது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. 2ஆம் எண் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்.

ஒன்று: பணம் அனுப்புகிறேன் என்று யாரும் கேட்காதீர்கள். தச்சுப் பட்டறை, இன்டீரியர் வேலையில் இருப்பவர்கள் 6 மி.மீ. ப்ளைவுட் மிச்சத் துண்டுகளை எறியாமல் வைத்திருங்கள். கையகலத் துண்டு போதும், ஓர் எழுத்து ஆகும்.

இரண்டு: நீங்களெல்லாம் நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள், எனக்குத் தெரியும், வருகைப் பதிவேடு என் மனத்தில் இருக்கிறது. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காது, சொல்லாமல் வரும். ஓரப் பார்வை குறைவது நமக்கே தெரியாது. கண்ணாடி பவர் பார்க்கப் போகும்போது கண் அழுத்தத்தையும் கண் நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால் கட்டாயம். என் தம்பி, தங்கைகள் இதைப் படிக்கிறீர்கள் அல்லவா? இந்த வாரமே போய்விட்டு வந்து எனக்குப் போன் செய்யுங்கள்.

தாங்கியின் அளவு வேண்டுபவர்கள் கேளுங்கள், தாளில் வரைந்து படம் எடுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் ஆசிரியர்,
கள்ளக்குறிச்சி