62 வயதில் முதல் இசைத்தட்டு

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, நம் மகன் தன் கைப்பேசியில் ஓர் ஆங்கிலப் பாடலின் படத்தைக் காட்டினான். அதில் ஆட்டமில்லை, காட்சி மாற்றமில்லை. முதிய கறுப்பின மனிதர் ஒருவரின் முகம் மட்டுமே நம்மை நோக்கியிருந்தது. அம்முகத்தில் துயரம் வந்து வந்து போயிற்று. மேனாட்டு இசை என்றாலே கூச்சல் என்று எண்ணி வந்த நாம், அன்று பேச்சற்று அமர்ந்திருந்தோம்.

அவர் பெயர் சார்லஸ் பிராட்லி. 'சோல்' எனப்படும் இசை வகையைப் பாடியவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆலயப் பாடல்களில் வேர்கொண்டு, உலகியல் துன்பங்களைப் பாடப் புறப்பட்ட இசை அது.

1948-இல் புளோரிடா மாநிலத்தின் கெயின்ஸ்வில் நகரில் பிறந்த பிராட்லியைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அன்னை சென்றுவிட்டார். எட்டு வயதான பின்னரே அவரை நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்கு அழைத்துக்கொண்டார். 1962-இல் சகோதரியுடன் அப்பல்லோ அரங்கிற்குச் சென்று, ஜேம்ஸ் பிரௌன் பாடி ஆடக் கண்ட சிறுவன், வீடு திரும்பித் துடைப்பக் கட்டையில் கயிறு கட்டி, அதையே ஒலிவாங்கியாகக் கொண்டு பழகினானாம். ஆனால் வீட்டில் அவனுக்குக் கிடைத்த இடம் மண்தரை கொண்ட நிலவறை. பதினான்கு வயதில் வெளியேறி, இரவுகளைச் சுரங்க இரயில் பெட்டிகளில் உறங்கிக் கழித்தான்.

பின்னர் அரசின் தொழிற்பயிற்சித் திட்டத்தில் சமையற்கலை கற்றார். மருத்துவமனைச் சமையற்கூடத்தில் உழைத்தார். கலிபோர்னியாவில் பல்லாண்டுகள் கிடைத்த வேலையைச் செய்தார். இடையிடையே மேடை ஏறியதுண்டு. பயன் ஒன்றும் விளையவில்லை.

1996-இல் அன்னை அவரை அழைத்தார். தம்மோடு வந்து தங்குமாறும், மகனை இனியேனும் அறிந்துகொள்ள விரும்புவதாகவும் கூறினார். மகனுக்கு அப்போது ஐம்பது வயதை நெருங்கிக் கொண்டிருந்தது. அவர் சென்றார்!

இவ்விடத்தை நம்மால் எளிதில் கடக்க இயலவில்லை. நாமும் பாட்டியின் வீட்டில் வளர்ந்தோம். தந்தை மறைந்தபின், அன்னை வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றினார். மாதந்தோறும் மணியார்டர் தவறாது வந்தது. அன்னை ஆண்டுக்கொருமுறை வந்தார். ஓய்வு பெற்று நம் இல்லத்துக்கு வந்தபோது மருந்துக்கும் உணவுக்கும் நாம் குறை வைக்கவில்லை. ஆனால் அருகில் அமர்ந்து பேசினோமில்லை. பதினோர் ஆண்டுகள் அடுத்த அறையில் வாழ்ந்து அவர் மரித்தார்.

புரூக்ளினில் பிராட்லியின் துன்பங்கள் தீர்ந்துவிடவில்லை. பெனிசிலின் மருந்து ஒவ்வாமல் மரணத்தின் வாசல்வரை சென்று மீண்டார். உடன்பிறந்த சகோதரனை, உறவினன் ஒருவனே சுட்டுக் கொன்றான். இரவு விடுதிகளில் ஜேம்ஸ் பிரௌனைப் போல வேடமிட்டு, வேறொருவரின் குரலில் பாடி வந்தவரை, டாப்டோன் என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனத்தார் கண்டனர். பெரும் நிறுவனங்களைச் சாராமல், புரூக்ளினில் ஒரு பழைய வீட்டிலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து, பழைய முறையில் நாடாவில் பதிவு செய்தவர்கள் அவர்கள். தாமஸ் பிரென்னெக் என்ற இளம் இசைக் கலைஞர் அவரோடு அமர்ந்து வாழ்க்கைக் கதையைக் கேட்டார். சகோதரனின் கொலை ஒரு பாடலாயிற்று. வாழ்வுப் போராட்டம் இன்னொன்றாயிற்று. இரவல் குரல் தேவைப்படவில்லை. 2011-இல் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தபோது அவருக்கு வயது 62.

அடுத்த ஐந்தாண்டுகளில் மேலும் இரண்டு தொகுப்புகள் வந்தன. நாடு நாடாகச் சென்று பாடினார். பாடி முடித்ததும் மேடையினின்று இறங்கி, கூட்டத்தினரை ஒவ்வொருவராய்த் தழுவிக்கொள்வது அவர் வழக்கம். இதை விளம்பரம் என்று நம்மிடம் எவரேனும் கூறினால் நாம் ஏற்கமாட்டோம். குளிரில் இரயில் பெட்டியில் உறங்கிய சிறுவனுக்குத் தழுவலின் விலை தெரியும்.

மகன் காட்டிய பாடல் 'சேஞ்சஸ்'. பிளாக் சப்பாத் என்னும் ராக் குழுவினர் 1972-இல் வெளியிட்ட அப்பாடல், பிரிந்துபோன காதலைப் பற்றியது. பிராட்லியோ அதைத் தம் அன்னைக்குரியதாக்கிப் பாடினார். இறுதி ஆண்டுகளில் அவரைப் பேணியவர் இந்த மகனே. அன்னை மறைந்தபின், 2016-இல் வந்த மூன்றாம் தொகுப்புக்கு அப்பாடலின் பெயரே சூட்டப்பட்டது. அவ்வாண்டிலேயே அவருக்கு வயிற்றில் புற்றுநோய் கண்டது. சற்றுத் தேறி மீண்டும் மேடை ஏறினார்; நோய் கல்லீரலுக்குப் பரவிற்று. 2017 செப்டம்பர் 23-ஆம் நாள் தம் 68-ஆம் வயதில் மறைந்தார். ஆறரை ஆண்டுக்கால இசைப் பணி, அவ்வளவே.

அவ்விரவு இக்கதையை நமக்கு எடுத்துரைத்த மகன், கைப்பேசியை அணைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தான். பிறகு, "அப்பா, நம்ம பாட்டி பாடுவாங்களா?" என்று கேட்டான்.

நமக்குத் தெரியவில்லை.