தறிச் சத்தத்துக்கு நடுவுல ஒரு கார்னர்!

திருத்தணி ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தில் முக்கால்வாசி, முருகனைப் பார்க்கப் படியேறும். மிச்சப் பேர் பஸ் ஸ்டாண்டில் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை போர்டைத் தேடுவார்கள். இந்த வாரம் நாம அந்த ரெண்டாவது கோஷ்டி!

வடமேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் கரும்பு, வேர்க்கடலை, மாந்தோப்பு, தூரத்தில் மொட்டைப் பாறை மலைகள். பஸ்ஸில் கண்டக்டர் தமிழில் டிக்கெட் கேட்க, பின் சீட் பாட்டி தெலுங்கில் சில்லறை கேட்க, ரெண்டையும் கலந்துகட்டி ஒருத்தர் பஞ்சாயத்து பண்ணுகிறார். டப்பிங் படம் ஓசியில் பார்த்த மாதிரி இருக்கும்.

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு பாஸ். 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போயிடுச்சு. ம.பொ.சி. எல்லைப் போராட்டத்தைக் கையில் எடுத்தார். படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தாலுகா சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. பதிலுக்கு நம்ம பக்கத்திலிருந்து சில கிராமங்கள் அங்கே போயின. கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பது இங்கே தாத்தா காலத்து மேட்டர். அந்த ஊரில் கபடி பார்க்கப் போனது பொருத்தம்தானே!

பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் காது வேலை செய்யும். டக்கு டக்கு டக்கு... தெருவுக்குத் தெரு தறி. நெசவுதான் இந்த ஊரின் அடையாளம். பாவு, ஊடை, நாடா என்று வீட்டுக்குள்ளேயே ஒரு மினி ஃபேக்டரி ஓடுகிறது. மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு, மூணு செமஸ்டர் லேபில் புரியாத கேம் மெக்கானிசம் ஒரு வீட்டுத் திண்ணையில் அஞ்சு நிமிஷத்தில் புரிந்தது. (ஹெச்.ஓ.டி. சார் இதைப் படிக்கக் கூடாது முருகா!)

சாயங்காலம் கிளாஸ்மேட் என்னை ஊருக்கு வெளியே ஒரு மண் திடலுக்குக் கூட்டிப் போனான். சுண்ணாம்புக் கோடு, ஒரு ஃபோகஸ் லைட், பதினாலு பசங்க, ஒரு விசில். விசிலுக்குச் சொந்தக்காரருக்கு நாற்பது வயசு தாண்டியிருக்கும். பகலில் தறி ஓட்டுகிறார், பொழுது சாய்ந்தால் கோச். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அதனால 'கோச் அண்ணன்'.

அவர் சொல்லிக்கொடுக்கிறதில் பாதிக்கு மேல் டிஃபென்ஸ்தான். "ரெய்டு வர்றவன் கண்ணைப் பாக்காதடா. கண்ணு பொய் சொல்லும். இடுப்பைப் பாரு, அது சொல்லாது" என்று ஒருத்தன் தலையில் செல்லமாகத் தட்டுகிறார்.

கபடியில் டிஃபென்ஸ் சுத்த இன்ஜினீயரிங் மச்சி. ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ரெய்டருக்கு 30 விநாடி. அதற்குள் ஏழு பேரும் கோலம் போட்ட மாதிரி நகரணும். ரெண்டு ஓரத்திலும் கார்னர், உள்ளே தள்ளி கவர். கார்னர்காரன் கணுக்காலைப் பிடிப்பான். எப்போ? ரெய்டர் ஒரு காலில் மொத்த வெயிட்டையும் போட்டுத் திரும்புகிற அந்த நொடியில். முந்தினால் உதறிவிட்டுப் போய்விடுவான், பிந்தினால் கோட்டைத் தொட்டுவிடுவான். கார்னர் பிடித்ததும் கவர் வந்து மூடணும். வராவிட்டால் பிடித்தவன் அவுட், எதிர் டீமுக்குப் பாயின்ட். மூணு பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், ரெண்டு பாயின்ட்!

ஆனா போஸ்டரில் யார் மூஞ்சி வரும்? ரெய்டர்தான். கோல் போட்டவனை எல்லாருக்கும் தெரியும், தடுத்தவனை யாருக்குத் தெரியும்?

இந்த விஷயத்தில் அமெரிக்காக்காரன் கொஞ்சம் தெளிவு. அவங்க ஃபுட்பாலில் டிஃபென்ஸுக்கென்றே தனியாக ஒரு கோச் உண்டு. பேரு டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். 1985 சீசனில் சிகாகோ பேர்ஸ் டீமின் அந்தப் பொறுப்பு பட்டி ரயனிடம் இருந்தது. 1986 ஜனவரியில் சூப்பர் பௌலை 46-10 என்று ஜெயித்ததும், பிளேயர்கள் ஹெட் கோச் மைக் டிட்காவைத் தூக்கினார்கள். கூடவே பட்டி ரயனையும் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த சீசனே அவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு ஹெட் கோச். தடுக்கக் கற்றுக்கொடுப்பதே அங்கே ஒரு கேரியர்!

நம்ம ஊரில்? தர்மராஜ் சேரலாதன் இருக்காரே! தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், கார்னர் டிஃபெண்டர். 2014-ல் புரோ கபடி ஆரம்பித்தபோதே அவருக்கு 39 வயசு. மத்தவங்க ரிட்டயர் ஆகிற வயசு அது. 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கேப்டன். அந்த ஜூலை 31-ல் ஹைதராபாத் ஃபைனலில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையைத் தூக்கும்போது வயசு 41. அதே வருஷம் அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. இடைவேளையில் 13-18 என்று பின்தங்கியிருந்த இந்தியா, ஈரானை 38-29 என்று ஜெயித்தது. அந்த இந்திய அணியிலும் அவர் இருந்தார். டீம் மாறினாலும் பட்டப்பேர் மாறவில்லை. வடக்கத்திப் பசங்களுக்கும் அவர் 'அண்ணா'தான். 2024-ல் தமிழ் தலைவாஸ் அணியின் பயிற்சிப் பொறுப்புக்கு உதயகுமாரோடு சேர்ந்து வந்தார். அந்த சீசனில் தலைவாஸ் ப்ளே ஆஃப் எட்டவில்லை என்பது வேறு கதை. தடுக்கத் தெரிந்தவர் தடுக்கச் சொல்லிக்கொடுக்க வந்தார் என்பதுதான் இங்கே மேட்டர்.

திரும்பவும் பொதட்டூர்பேட்டை திடலுக்கு வாங்க. கோச் அண்ணனின் ரைட் கார்னர் தம்பிக்குப் பத்தொன்பது வயசு, டிப்ளமோ முடித்தாச்சு. வீட்டில் தறி வருமானம் பத்தவில்லை. நம்ம திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இந்த ஊர், கிழக்கு ஓரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, மூணு ஷிஃப்ட், அங்கேயே ரூம் எடுத்துத் தங்கணும். இந்தப் பக்கம் மாவட்ட செலக்ஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. ஆனா அந்தக் கதவைத் தட்ட பெரிய லெவலில் ஆடின சர்ட்டிஃபிகேட் வேணும். அதுக்கு முதல் படியே இந்த செலக்ஷன்தான்.

நாம கேம்பஸ் இன்டர்வியூவில் எந்த கம்பெனி என்று யோசிப்போம். இந்தத் தம்பிக்கு யோசிக்கவே ஒரு வாரம்தான் டைம்.

"வேலைக்குப் போகாதேன்னு சொல்லுவீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"அப்டி சொல்ல எனக்கு இன்னாப்பா உரிமை இருக்குது? அவங்க வூட்ல அடுப்பு எரியணும்ல" என்றார். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டார். "நீ போய் வேலைல சேர்றா. லீவு நாளுக்கு வந்துடு. காலைல அஞ்சு மணிக்கு நாங்க பதிமூணு பேரும் இங்க இருப்போம்."

"எனக்கோசரம் எல்லாரும் எதுக்குண்ணா அவ்ளோ காலைல?"

"கார்னர் புடிச்சா கவர் வந்து மூடணும்னு தினம் கத்துறேன்ல? அது கோட்டுக்குள்ள மட்டும்தான்னு எவன்டா சொன்னான்?"

தம்பி தலையைக் குனிந்து கால் விரலால் மண்ணைக் கிளறினான். லெஃப்ட் கவர் ஆடுகிறவன் மட்டும், "அஞ்சு மணியாண்ணா? அஞ்சரை வெச்சுக்கலாமா?" என்று இழுத்தான். மொத்தத் திடலும் சிரித்தது. விசில் அடித்து அடுத்த ரெய்டை ஆரம்பித்துவிட்டார் கோச் அண்ணன்.

அந்தத் தம்பி செலக்ட் ஆவானா தெரியாது. ஆனா அந்த ஊரில் ஒருத்தன் வேலைக்கும் போய் ஆடவும் முடிகிற மாதிரி பதிமூணு பேர் தங்கள் தூக்கத்தை அட்ஜஸ்ட் பண்ணத் தயாராக இருக்காங்க. எந்த ஸ்கோர் போர்டிலும் இதுக்குப் பாயின்ட் கிடையாது.

போகணும்னு தோணுதா? சென்னையிலிருந்து திருத்தணிக்கு மின்சார ரயில் இருக்கு. அங்கிருந்து பஸ். மத்தியான வெயிலில் போகாதீங்க, பாறை மலை சுற்றியிருக்கிற ஊர், அனல் பறக்கும். மூணு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் தறி பார்க்கலாம், ஆறு மணிக்கு கபடி பார்க்கலாம். திடலில் உட்கார்ந்ததும் ரெய்டர் பின்னாடியே கண்ணை ஓட்டாதீங்க. ஓரத்தில் குனிந்து, சத்தமே இல்லாமல் காத்துக்கொண்டிருப்பான் ஒருத்தன். அவனைப் பாருங்க!