அதெல்லாம் இல்லம்மா

ஒரு நர்ஸ் திறமைசாலி என்று எதை வைத்துச் சொல்வது? ஆபரேஷன் தியேட்டர் என்றால் சுலபம். குணமாக்க முடியாத நோயாளியின் பக்கத்தில் நிற்பவரை எப்படி அளப்பது? இதற்கென்றே 1996-இல் கனடாவில் 20 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றைத் தயாரித்தார்கள். சரி, தவறு, தெரியாது - மூன்றில் ஒன்றை டிக் செய்தால் போதும். பல நாடுகளில் நர்ஸ்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள். அந்தமானில் பயிற்சி கொடுக்கப் போனபோது நானும் கொடுத்தேன்.

பலர் வழுக்கிய இடம் மார்ஃபின். கொடுத்தால் நோயாளி அடிமையாகிவிடுவாரோ என்ற பயம். தீவுக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்கவே ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைக்கத் தயங்கின. லைசென்ஸ் முறை எளிதானது 2014-இன் திருத்தத்தில்தான். கண்ணால் பார்க்காத மாத்திரையைப் பற்றிக் கேள்வி கேட்டு மார்க் போடுவது என்ன நியாயம்?

மார்க் மிகக் குறைவாக வாங்கியவர் ராஞ்சியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். அவரோடு வார்டுக்குப் போனேன். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கப்பலேறிப் போகவேண்டிய சின்னத் தீவு அது. வாய்ப் புற்றுநோயோடு ஒரு தமிழ்ப் பெரியவர் படுத்திருந்தார். சென்னை வரை போய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற சீட்டோடு திரும்பியவர்.

"வலிக்குதாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா."

நம்மூர் ஆண்கள் வேறென்ன சொல்வார்கள்! அந்த நர்ஸ் தன் அரைகுறைத் தமிழில் வேறு மாதிரிக் கேட்டார்: "ராத்திரி எத்தனை தடவை எழுந்து உக்காந்தீங்க?"

பெரியவர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "விடிய விடிய" என்றார்.

காரணம் கேஸ் ஷீட்டிலேயே இருந்தது. சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் தாங்கும். வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. இங்கோ இரவு 10 மணிக்கு ஒன்று, அடுத்தது காலை 6-க்கு. நடுவில் மருந்து அலமாரியின் சாவி வார்டில் இருக்காதாம். நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்தார். படுக்கும்போது இரட்டை டோஸ் கொடுக்க உத்தரவு வாங்கினார். மறுநாள் காலை நாங்கள் போனபோது பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

நோயாளியிடம் எப்படிக் கேட்டார் என்பதற்கு அந்த வினாத்தாளில் மார்க் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம் இந்த சிகிச்சையையும் சேர்த்திருக்கிறது, நல்ல விஷயம். நான் இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வினாத்தாளை எடுப்பதற்கு முன்னால் ஒன்று விசாரிக்கிறேன்: ராத்திரியில் சாவி யாரிடம்?