கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளுக்கும், காசு கொடுக்கும் வாப்பா உம்மாமாருக்கும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் கீழே எர்த் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இதன் கீழ் தொடங்க வேண்டாம். அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நம்முடைய பகுதிப் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள் என்பது எல்லோரும் கண்ணால் காண்கிற விஷயம். ஏறுகிற பிள்ளை உயிரோடும் கடன் இல்லாமலும் இறங்க வேண்டும். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அதுதான் அக்கறை.

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த கூட்டாளி ஒருவர் இப்போது மட்டக்களப்பில் ஓர் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறார். விடுமுறை நாட்களில் நானும் போவேன். என் வேலை மேடைக்குப் பின்னால். வயர் இழுப்பது, செருகுவது, சத்தம் பார்ப்பது. அதனால்தான் உயர்தரம் எழுதி முடித்த தம்பிமார் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "சேர், எத்தனை வொட் அம்ப் வாங்கலாம்?"

கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்வேன். ஒரே இரவில் என்னவெல்லாம் வாசிக்க வேண்டியிருக்கிறது?

நம்மூர்க் கல்யாண வீட்டை எடுங்கள். பறங்கியர் வீட்டில் கப்ரிஞ்ஞா கேட்பார்கள். வயலின், கிட்டார், றபான் சேர்ந்து வரும் தாளம் அது. அந்த றபான் நம்முடைய பாவாமார் கையிலும் இருக்கிறது என்பது வேறு கதை. பிறகு பைலா. பிறகு ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி', நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. நடுவில் இளையராஜா. கடைசியில் பொடியன்மார் கேட்கும் புதுப் பாட்டு, அதில் கிட்டார் கத்த வேண்டும். டிசம்பரில் கரோல் வேறு. ஆக, தேவைப்படுவது பெரிய சத்தம் அல்ல, பல விதமான சத்தம்.

இப்போது வொட் கணக்கு. 50 வொட்டை 100 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று நினைக்கிறார்கள். கூடுவது 3 டெசிபல் மட்டும்தான். காதுக்கு அது "கொஞ்சம் கூட்டியிருக்கு" என்கிற அளவு. இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 மடங்கு வொட் வேண்டும், அதாவது 50க்கு 500. இன்னொன்று, திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது சத்தம் 6 டெசிபல் இறங்கும். அதனால் கடைசி வரிசையில் இருக்கும் மாமிக்குக் கேட்க வைப்பது உங்கள் அம்ப் அல்ல, சவுண்ட்ஸ்காரருடைய பெரிய பெட்டிகள். மேடையில் உங்கள் அம்ப் இருப்பது உங்கள் காதுக்கும் பக்கத்தில் டிரம்ஸ் அடிப்பவருக்கும் மட்டும்தான்.

ரோலண்ட் நிறுவனம் 1975இல் கொண்டுவந்த ஜேசி-120 அம்ப் தெளிந்த சத்தத்துக்கு இன்றைக்கும் பேர் போனது. 120 வொட், 12 அங்குல ஸ்பீக்கர் 2, ஏறக்குறைய 28 கிலோ. நல்ல சாமான்தான். ஆனால் அதை ஆட்டோவில் ஏற்றி, பாதையில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குக் கொண்டுபோய், நடுச்சாமத்தில் திரும்பவும் தூக்கி வருவது யார்? அதற்காக உம்மாவின் காப்பை அடகு வைக்க வேண்டுமா?

என் கூட்டாளியின் செட் மொத்தமும் ஒரு ஸ்கூல் பேக்கும், ஒரு கையில் தூக்கும் சின்ன அம்ப்பும்தான்.

முதலாவது, காலால் மிதிக்கும் மல்டி எஃபெக்ட்ஸ். வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: அதில் கேப் சிமுலேஷன் இருக்கிறதா? கிட்டார் அம்ப்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே அதிகம் கொடுக்காது. டிஸ்டோர்ஷன் காதுக்கு இதமாக வருவது அதனால்தான். அதே பெடலை நேராக மிக்சரில் செருகினால் குளவிக்கூட்டில் கல் எறிந்த மாதிரி இரையும். ஸ்பீக்கர் பெட்டி செய்கிற அந்த வேலையை மின்னணுவில் செய்வதுதான் கேப் சிமுலேஷன். 1998இல் வந்த லைன் 6 நிறுவனத்தின் 'பொட்'டிலும் இது இருந்தது. இன்றைக்கு விலை குறைந்த பெடல்களிலும் இருக்கிறது. பழையதை வாங்கினாலும் பரவாயில்லை.

இரண்டாவது, டிஐ பொக்ஸ். உள்ளங்கை அளவுப் பெட்டி. சாதாரண கிட்டார் வயர் 6 மீற்றரைத் தாண்டினால் சத்தம் மங்கும், இரைச்சல் ஏறும். மிக்சரோ கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும். டிஐ பொக்ஸ் அந்தச் சமிக்ஞையை மைக் வயரில் தூரம் போகக்கூடியதாக மாற்றும். சவுண்ட்ஸ்காரரிடம் இருந்தாலும் உங்களுடையது ஒன்று பையில் இருக்கட்டும்.

மூன்றாவது, சின்ன அம்ப். பெடலின் ஒரு வெளியீடு டிஐ வழியாக மிக்சருக்கு, மற்றது இதற்கு. மிக்சருக்குப் போகும் பக்கத்தில் மட்டும் கேப் சிமுலேஷனைப் போட முடியுமென்றால் அப்படிச் செய்யுங்கள். முடியாவிட்டால் இரண்டுக்கும் போட்டே விடுங்கள், சனம் கேட்பது மிக்சரைத்தான். பெடல் நடுவில் செத்துப்போனால் கிட்டாரை நேராக அம்ப்பில் செருகி, ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்துவிடுங்கள். கச்சேரி நிற்காது.

பெடலில் 100 சத்தம் இருக்கும். 4 போதும். பைலாவுக்கு: தெளிந்த சத்தம், கொஞ்சம் கொம்ப்ரசர், பேஸ் குறைவு. மெலடிக்கு: அதோடு கோரஸும் ரிவெர்ப்பும். புதுப் பாட்டுக்கு: நடுத்தர ஓவர்டிரைவ். தனி வாசிப்புக்கு: அதே ஓவர்டிரைவ், கொஞ்சம் டிலே, 3 அல்லது 4 டெசிபல் கூடுதல். இவற்றைக் காலுக்கு எட்டும் வரிசையில் சேமித்து வையுங்கள்.

இதை வீட்டு அறையில் மெதுவாக வைத்துச் சரிசெய்தால் மேடையில் ஏமாற்றும். மெதுவான சத்தத்தில் மனிதக் காதுக்கு பேஸும் கூர்மையும் குறைவாகக் கேட்கும் என்று ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். அதனால் வீட்டில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, நடுவைக் குறைத்து வைப்போம். மேடையில் அதே சத்தம் கூர்மையாகக் காதைக் குத்தும். கிட்டார் நிற்க வேண்டிய நடுப்பகுதியோ பாட்டுக்குள் காணாமல் போய்விடும். ஆகவே மண்டபத்தில், குழு முழுவதும் வாசிக்கும்போது ஒருமுறை திருத்துங்கள்.

இனி எர்த். இந்தப் பதிவை எழுதியதே இதற்காகத்தான்.

கிட்டாரின் கம்பி, வயரின் உறை வழியாக அம்ப்பின் உலோக உடலோடு இணைந்திருக்கிறது. மைக்கின் உலோகம் மிக்சரோடு இணைந்திருக்கிறது. இரண்டும் சரியான ஒரே எர்த்தில் இருந்தால் பயம் இல்லை. அம்ப்புக்குப் பக்கத்து வீட்டிலிருந்தும் மிக்சருக்கு மண்டபத்திலிருந்தும் கரண்ட் எடுத்து, ஒன்றில் எர்த் அறுந்திருந்தால்? கை கம்பியில், உதடு மைக்கில். நடுவில் இருப்பது நெஞ்சு. நம்முடைய கரண்ட் 230 வோல்ட்.

1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையில் இப்படித்தான் மரணித்தார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டபோது கையில் கிட்டார் இருந்தது. வயது 27. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நம்மூர்க் கல்யாண வீடு ஒன்றில் 19 வயதுப் பிள்ளை மைக்கில் வாயை வைத்ததும் பின்னால் விழுந்ததை நான் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ், எழும்பிவிட்டான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், இரைச்சல் போவதற்காக யாரோ எர்த் வயரை வெட்டியிருந்தார்கள்.

எர்த்தை வெட்டாதீர்கள். இரைச்சலுக்கு மருந்து டிஐ பொக்ஸில் இருக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச். அது சமிக்ஞை வயரின் இணைப்பை மட்டும்தான் பிரிக்கும், உயிர் காக்கும் எர்த்தைத் தொடாது.

மேடையில் உள்ள அம்ப், மிக்சர், கீபோர்ட் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாகக் கரண்ட் எடுங்கள். வாசிக்க முதல் மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். பூச்சியத்துக்குக் கிட்டக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கம்பியைத் தொடாதீர்கள். ஜெனரேட்டர் என்றால் இன்னும் கவனம். சிலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்காது, ட்ரிப் சுவிட்ச் நாம் நம்புகிற மாதிரி விழாது. மின்னியலாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

வாப்பா உம்மாமாரே, பிள்ளை 100 வொட் அம்ப் கேட்டால் முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். மிச்சக் காசில் பெடலும் டிஐ பொக்ஸும் வாங்கலாம்.

கல்யாண மண்டபம், பொது மண்டபம், பாடசாலை மண்டபம் பொறுப்பில் இருக்கும் சகோதரர்களே, மேடைப் பக்கத்து பிளக்குகளில் எர்த் இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று மின்னியலாளரைக் கூப்பிட்டு ஒருமுறை சோதியுங்கள். ஒரு மணித்தியால வேலைதான். அதே மேடையில்தான் நம் பிள்ளைகள் கிராஅத் ஓதவும் பேச்சுப் போட்டியில் பேசவும் மைக்கைப் பிடிக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், பாடசாலை விட்ட பிறகு பதில் சொல்கிறேன். மேடை ஏறுகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதை அனுப்பி வையுங்கள்.